ஒருசந்தி நாளில் எடுத்த அளவு

சாப்பாட்டு மேசை செய்யச் சொல்லி ஒரு தச்சரிடம் போனால், என்ன மரம், எத்தனை நாற்காலி, எப்போது வேண்டும் என்று கேட்பார். கோட்டுச்சேரி சாலையில் பட்டறை வைத்திருக்கும் லூர்துநாதன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி வேறு.

"உங்க வீட்ல மதியம் எத்தனை மணிக்குங்க சாப்பிடுவீங்க?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் இருபது வருஷமாக அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா. தேவையில்லாத கேள்வி கேட்பவர்களைக் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பிப் பழகியவள். "அது எதுக்கு உங்களுக்கு?" என்றேன்.

"நீங்க எல்லாரும் சாப்பிடுறதை ஒரு தடவை பாக்கணும்மா. பாக்காம நான் மேசை செய்யிறதில்ல."

இது என்ன கூத்து என்று திரும்பிவிடத்தான் நினைத்தேன். ஆனால் கடைகடையாக ஏறி இறங்கியாகிவிட்டது. அங்கே இருந்த எந்த மேசையைப் பார்த்தாலும், அப்பா இதில் வந்து உட்காருவார் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்பா சோமசேகரன் நெடுங்காட்டில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அம்மா போய் ஆறு வருஷம் ஆகியும் அங்கேயே தனியாகத்தான் இருந்தார். போன ஆடியில் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. கால் ஓரளவு திரும்பியது. கோலை ஊன்றி நடக்கிறார். கை திரும்பவே இல்லை. காரைக்கால் டவுனில் இருக்கும் என் வீட்டுக்கு அவரை அழைத்து வந்தேன். வந்த நாளிலிருந்து அவர் எங்களோடு சேர்ந்து ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. நாங்கள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவரால் தரையில் உட்கார முடியாது. அறைக்குள் இருக்கும் மடக்கு மேசையில் தட்டை வைத்துவிட்டு வருவேன். உடனே கதவைச் சாத்திக்கொள்வார். ஒருநாள், ஊட்டிவிடட்டுமா என்று கேட்டேன். அவர் பார்த்த பார்வையில் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

உயரமாக ஒரு மேசை போட்டால் வந்து உட்காருவார் என்று என் கணவர் சிவநாதன் சொன்னார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நெடுங்காட்டு வீட்டைப் பூட்டிவிட்டு இழுத்து வந்ததில் அப்பாவுக்கு என்மேல் கோபம், அதனால்தான் மகள் வீட்டுச் சோற்றைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுகிறார் என்று நினைத்திருந்தேன். அந்தக் கதவு சாத்தும் சத்தம் மூன்று வேளையும் என்னைக் குத்தியது. அப்பா என் எதிரில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட்டால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டேன் என்ற நிலைக்கு வந்திருந்தேன். ஆகவே என் வாயை அடக்கிக்கொண்டு, "சனிக்கிழமை ஒன்றரை மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

லூர்துநாதனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒல்லியான ஆள். காதில் பென்சில் செருகியிருக்கும். அது இருப்பது மறந்துபோய் இன்னொரு பென்சிலை வாயில் கடித்துக்கொண்டிருப்பார். நாற்பது வயதுவரை அவர் செய்தது சவப்பெட்டி. ஊரில் கிறிஸ்தவ வீடுகளில் யார் இறந்தாலும் அவருக்குத்தான் ஆள் வரும். பார்த்த மாத்திரத்தில் உயரம் சொல்லிவிடுவாராம். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் பெரியவர்கள் அவர் கண்ணில் படாமல் அந்தப் பக்கமாக நழுவிவிடுவார்களாம். இதையெல்லாம் அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

மேசைக்கு அவர் வந்தது ஒரு பிரெஞ்சு பென்ஷன் வீட்டின் வழியாக. அந்த வீட்டுப் பெரியவர் பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கேயே வேலை பார்க்கும் மகன் ஒரு படத்தைக் காட்டி, இதே போல முப்பது இஞ்ச் உயரத்தில் ஒரு மேசை வேண்டும் என்றிருக்கிறார். இவரும் ஓர் இஞ்ச் பிசகாமல் செய்து கொடுத்தார். சந்தோஷப்பட்டு அன்று அங்கேயே சாப்பிடச் சொன்னார்கள். பெரியவர் முள்கரண்டியால் சாப்பிட்டார். அவருக்கு அந்த உயரம் சிரமமாகத் தெரியவில்லை. அவருடைய மனைவி கையால் சாப்பிட்டார்.

"அந்தம்மா ஒவ்வொரு வாய்க்கும் தோளைத் தூக்கித் தூக்கிச் சாப்பிட்டாங்க. எனக்கு சோறு இறங்கலம்மா. முள்கரண்டிக்கு முப்பது சரி. கையால பிசைஞ்சு சாப்பிடுறவங்களுக்கு இருபத்தெட்டுதான். மறுநாளே போயி நாலு காலையும் ரெண்டு இஞ்ச் அறுத்துட்டு வந்தேன்."

"பிரான்ஸ்காரர் ஒண்ணும் சொல்லலியா?"

"அவரு கொஞ்சம் குனிஞ்சு சாப்பிட்டுக்குவாருங்க."

அன்றிலிருந்து, சாப்பிடுவதைப் பார்க்காமல் மேசை செய்வதில்லை என்று வைத்துக்கொண்டார். பெட்டிக்குள் போகிறவர் குறை சொல்லப் போவதில்லை, மேசையில் உட்காருகிறவர் தினம் மூன்று வேளை அவதிப்படுவார் என்பது அவர் கணக்கு. கிளிஞ்சல்மேட்டில் ஒரு படகுக்காரர் வீட்டுக்கு அவர் செய்த மேசையை நானே பிறகு போய்ப் பார்த்தேன். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் என்று ஓர் ஆணிகூட அடிக்காமல் மர முளைகளாலேயே பூட்டியிருந்தார். மேல்பலகைகளுக்கு நடுவே விரல்நுனி அளவு சந்து விட்டிருந்தார். அந்த வீட்டு ஆட்கள் கடலில் இருந்து வந்து ஈரக்கையோடு, மணலோடு அப்படியே உட்கார்ந்துவிடுவார்களாம். தண்ணீரும் மணலும் சந்து வழியாகக் கீழே போய்விடுமாம். இதை எந்தக் கடைக்காரன் யோசிப்பான்?

சனிக்கிழமை ஒன்றரைக்குச் சரியாக வந்தார். அங்கேதான் எங்கள் புத்தி வேலை செய்தது. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார், சாப்பாட்டு நேரம். அவரை உட்காரவைத்துவிட்டு நாங்கள் சாப்பிடுவதா? நல்ல இலையாக ஒன்றை நறுக்கிப் போட்டு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, வாழைக்காய் வறுவல், ரசம், மோர் என்று வரிசையாகப் பரிமாறினேன். சிவநாதன் பக்கத்தில் நின்று, "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்று உபசரித்தார். கல்லூரியில் இருந்து வந்திருந்த மகள் தமிழ்மொழி அப்பளம் கொண்டுவந்து வைத்தாள். மூன்று பேரும் சுற்றி நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தோம். அவர் பாவம், எங்களை நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சாப்பிட்டு முடித்தார். அவர் கை கழுவிய பிறகுதான் நாங்கள் உட்கார்ந்தோம். விருந்தாளி எதிரில் எப்படி வாய்நிறையச் சாப்பிடுவது என்று ஆளுக்கு இரண்டு பிடி கொறித்துவிட்டு எழுந்துவிட்டோம்.

லூர்துநாதன் அப்பாவின் அறைக்குள் போய் வணக்கம் வைத்தார். அப்பாவுக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரிந்திருந்தது. கட்டிலில் இருந்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அளவு எடுக்க வந்தீங்களாக்கும். மேசைக்கா, பெட்டிக்கா?"

"மேசைக்குத்தாங்க சார். பெட்டி செய்யிறதை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சு."

"அப்ப சரி" என்று அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மாசி தொடக்கத்தில் மேசை வந்து இறங்கியது. பலா மரம். மஞ்சள் ஓடிய பழுப்பு நிறம். இருபத்தெட்டு இஞ்ச் உயரம், ஆறு பேர் உட்காரலாம். ஒரு தலைமாட்டில் மட்டும் கைவைத்த அகலமான நாற்காலி. அந்த இடத்தில் காலை நீட்டிக்கொள்ள வசதியாகக் கீழ்ச்சட்டத்தை உள்ளே தள்ளி வைத்திருந்தார். "இது சாரோட இடம்" என்று அந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மரியாதையை நான்கூட யோசித்திருக்கவில்லை.

மதியம் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்தார். இடது பக்கம் சிவநாதன், வலது பக்கம் நான், எதிரில் தமிழ்மொழி. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இடது கை மடியை விட்டு மேலே வரவே இல்லை.

"பசி இல்ல" என்றார். கோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். கொஞ்ச நேரத்தில் அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நான் சாப்பிடவில்லை. அழுதேன் என்பதைவிடக் கத்தினேன் என்பதுதான் சரி. சிவநாதனிடம் கத்தினேன், மேசையிடம் கத்தினேன், கடைசியில் போனை எடுத்து லூர்துநாதனிடம் கத்தினேன். "சாப்பிடுறதைப் பாத்து செய்வேன்னு பெருமை பேசினீங்களே, என்னத்தைப் பாத்தீங்க?" என்றேன்.

"நீங்க எங்கம்மா காட்டுனீங்க? நான் சாப்பிடுறதைத்தான் நீங்க எல்லாரும் பாத்தீங்க. தப்பு என்னோடதுதான். இன்னொரு தடவை வரேன்."

"வந்தா மட்டும்? இலை போடாம உங்களை உக்கார வைக்க எனக்கு மனசு வருமா?"

"வெள்ளிக்கிழமை வரேன். தவக்காலம் ஆரம்பிச்சிடுச்சு. வெள்ளிக்கிழமை எனக்கு ஒருசந்தி. ராத்திரி ஒரு வேளைதான் சாப்பாடு. பகல்ல பச்சைத்தண்ணி தவிர நீங்க எதுவும் குடுக்க முடியாது."

வெள்ளிக்கிழமை வந்தார். நான் லீவு போட்டிருந்தேன். இலை போட முடியாத விருந்தாளியை என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் அப்பாவுக்கு எடுத்துவைத்திருந்த தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். "நான் கொண்டுபோறேன்" என்றார். உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவர் வெளியே வரவில்லை.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பேச்சுக்குரல் கேட்டது, என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. பிறகு காலித் தட்டோடு வெளியே வந்து, நேரே சமையலறைக்கு வந்து, தட்டைத் தொட்டியில் வைத்தார்.

"தட்டு ஓடுதும்மா" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"நமக்கு ஒரு கை பிசையும்போது இன்னொரு கை தட்டைப் பிடிச்சுக்கும். நாம கவனிக்கிறதே இல்ல. சாருக்குப் பிடிக்கக் கை இல்ல. சோத்தை எடுக்கப் போனா தட்டு நகருது. சுவத்துல அண்டக்குடுத்து வச்சு சாப்பிடுறாரு. அப்பவும் பாதி சிந்துது. சிந்துனதை ஒரு துண்டால தொடைச்சு, துண்டையும் அவரே பாத்ரூம்ல அலசிப் போட்டுடுறாரு."

ஜன்னலில் தினமும் ஈரத்துண்டு காய்வதை ஏழு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகம் கழுவுகிறார் என்று நினைத்தேன். அந்த இடத்தில் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"சிந்துறதுக்கா இவ்வளவு வெக்கம்? நாங்க என்ன வேத்து ஆளா?" என்றேன்.

அவர் வாயில் இருந்த பென்சிலை எடுத்தார்.

"நான் கேக்கலம்மா, சாரே சொன்னாரு. மத்தவங்க முன்னாடி அவருக்கு வெக்கம் இல்ல. உங்க முன்னாடிதான். 'இடது கையால சாப்பிடுறான்னுதானே என் பொண்ணு கையைக் கட்டிப் போட்டேன். இப்ப அதே கையால அவ முன்னாடி எப்படித் தின்னுவேன்'னாரு."

நான் பிறவியிலேயே இடது கைக்காரி. ஏழு வயதுவரை இடது கையால்தான் சாப்பிட்டேன். வாத்தியார் மகள் இடது கையால் சாப்பிடுகிறாள் என்று யாரோ ஒரு கல்யாணப் பந்தியில் சொல்லிவிட்டார்கள். மறுநாளில் இருந்து சாப்பிட உட்காரும்போதெல்லாம் அப்பா என் இடது கையைப் பின்னால் கொண்டுபோய், பள்ளிக்கூட ரிப்பனால் இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவார். மூன்று மாதம் அப்படித்தான் சாப்பிட்டேன். பிறகு ரிப்பன் தேவைப்படவில்லை. இந்தக் கதையை அலுவலகத்தில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சொல்லி அது வேறு யாருக்கோ நடந்தது மாதிரி ஆகிவிட்டிருந்தது. அப்பாவுக்கு அப்படி ஆகவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஏழு வயதில் வந்திருக்க வேண்டிய கோபம். அதோடு சேர்ந்து, சுவரில் தட்டை அண்டக்கொடுத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவரை நினைத்து அழுகையும் வந்தது. இரண்டும் ஒரே ஆளைப் பற்றித்தான் என்பது எனக்குப் பிடிபட நேரம் ஆயிற்று. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன். லூர்துநாதன் கூடத்துக்குப் போய், தான் செய்த மேசையை முதல்முறை பார்ப்பவர் போலச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"சாரை வாத்தியாராப் பாத்துட்டேம்மா. அதான் தலைமாட்டுல கொண்டுபோயி வச்சேன். அங்க உக்காந்தா எல்லார் கண்ணும் அவரு கையிலதான் இருக்கும். சாப்பிடுறவராப் பாத்திருக்கணும்."

திங்கட்கிழமை, மரத்தில் பள்ளம் குடையும் ரூட்டர் மிஷினோடு வந்தார். விளிம்பு நேராக நிமிர்ந்த தட்டுகளாக ஆறு வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார், வாங்கி வைத்திருந்தேன். ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்துப் பென்சிலால் வட்டம் போட்டார். பளபளவென்று இருந்த அந்தப் பலாப் பலகையில் மிஷினை இறக்கினார். அரை இஞ்ச் ஆழத்துக்கு ஒரு வட்டப் பள்ளம். தட்டை அதில் வைத்தார்; கச்சிதமாக உட்கார்ந்தது. என் விரலைப் பிடித்துத் தட்டின் விளிம்பில் வைத்துத் தள்ளச் சொன்னார். அசையவில்லை. பிறகு அடுத்த இடத்தில் வட்டம் போட ஆரம்பித்தார்.

"அண்ணே, அப்பாவுக்கு மட்டும் போதாதா? ஆறு இடத்துலயுமா?"

"ஒரு இடத்துல மட்டும் வெட்டினா அது நோயாளி மேசைம்மா. ஆறுலயும் வெட்டினா இது உங்க வீட்டு மேசை."

ஆறு பள்ளத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவிவிட்டுப் போக மாலை ஆகிவிட்டது. கைவைத்த நாற்காலியைத் தலைமாட்டில் இருந்து எடுத்து, நீளப் பக்கத்தில் இடது ஓரமாகப் போட்டார். அங்கே உட்கார்ந்தால் இடது முழங்கை யாரையும் இடிக்காது. அந்த இடத்துக்குக் கீழே இருந்த சட்டத்தையும் காலுக்கு இடிக்காமல் உள்ளே தள்ளி வைத்தார். தலைமாட்டில் யார் உட்காருவது என்று கேட்டேன். சாம்பார்ச் சட்டி உட்காரட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி கிடையாது. அவரையும் அவர் மனைவி சலோமியையும் சாப்பிட அழைத்தேன். இந்த முறை லூர்துநாதன் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "எல்லாரும் ஒண்ணா உக்காந்தாத்தான் கை நனைப்பேன்." பரிமாறுவதற்காக நான் நின்றுகொண்டிருந்தேன். சலோமி என் கையில் இருந்த கரண்டியை வாங்கித் தலைமாட்டில் வைத்துவிட்டு, "வேணுங்கிறவங்க எடுத்துக்கட்டும், உக்காருங்கக்கா" என்றார். ஐந்து பேர் உட்கார்ந்தோம். ஆறாவது நாற்காலி காலியாக இருந்தது.

நான் போய்க் கூப்பிடவில்லை. போய்க் கூப்பிட்டால் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. அப்பா வந்தார். இடத்தைப் பார்த்தார். எல்லோர் முன்னாலும் இருந்த பள்ளங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

"முந்தியே தோணலியா இது?" என்றார் லூர்துநாதனிடம்.

"தோணலிங்க சார்."

அப்பா இடது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். சோற்றைப் பிசைந்தார். முதல் வாய் உள்ளே போனது. இரண்டாவது வாயில் கொஞ்சம் மேசையில் விழுந்தது. சிவநாதன் மோர் மிளகாய் எங்கே என்று தேடினார், தமிழ்மொழி சலோமியிடம் ஏதோ கேட்டாள். நான் அப்பாவுக்கு நேர் எதிரில் தலையைக் குனிந்துகொண்டு என் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இதற்குமேல் நிமிர்ந்தால் அழுதுவிடுவேன்.

"அரசி."

மங்கையர்க்கரசி என்ற என் பெயரை அப்படிச் சுருக்கிக் கூப்பிடுவது அவர் ஒருவர்தான். நிமிர்ந்தேன். அவர் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கையை விடு. உன் கையால சாப்பிடு."

நான் வலது கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இடது கையைத் தட்டில் வைத்தேன். காய் நறுக்குவதும், பூட்டுத் திறப்பதும், கையெழுத்துப் போடுவதும் இன்றைக்கும் அந்தக் கைதான். ஆனால் சோற்றைத் தொட்டதும் விரல்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. அள்ளினேன், வாய்க்கு வருவதற்குள் எல்லாம் நழுவி மேசையிலும் மடியிலும் விழுந்தது. மறுபடி அள்ளினேன். மறுபடியும் விழுந்தது.

"வரலப்பா" என்றேன். "மறந்துபோச்சு."

அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். முகம் என்னவோ போல ஆனது. பிறகு என் பக்கம் சற்றுச் சாய்ந்து, தன் இடது கையை எனக்குத் தெரியும்படி வைத்தார்.

"கட்டை விரலை உள்ள மடக்காத. சோத்தை விளிம்புக்குத் தள்ளு. அங்க வச்சு அமுக்கி எடு. கொஞ்சமா எடு. எனக்கே மாசக்கணக்குல ஆச்சு."

தள்ளினேன். அமுக்கினேன். எடுத்தேன். பாதி வாய்க்குள் போனது. அன்று அந்த மேசையில் சோறு சிந்தியவர்கள் இரண்டு பேர்.